பொதுச் சேவையில் நல்ல சம்பளம்: பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதி புரிந்துவிடும்

அமெரிக்க அதிபரின் ஆண்டுச் சம்பளம் 4 லட்சம் டாலர். 2001 முதல் அந்தத் தொகை மாறவில்லை. 2019இல் அதே அரசாங்கத்தில் வேலை பார்த்த ஒரு மருத்துவர் அவரைவிட அதிகம் வாங்கினார். தொற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த அந்தோணி ஃபவுச்சிக்கு அந்த ஆண்டு கிடைத்தது 4,17,608 டாலர். இன்னொரு பக்கம், 1933இல் மத்திய அரசு தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற மின்சார அமைப்பு இருக்கிறது. அதன் தலைமை அதிகாரிக்கு ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் டாலர் போகிறது என்று 2020இல் அதிபரே வெளிப்படையாகக் குறைசொன்னார். அதே நாட்டின் பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர், மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிக்குப் பயிற்சி தருபவர்.

இவர்கள் எல்லோருமே பொதுத்துறை ஊழியர்கள்தான். பிறகு ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு? மருத்துவர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் தனி ஊதிய விதிகள் இருக்கின்றன. மின்சார ஆணையம் வரிப்பணத்தில் நடக்கவில்லை, மின்சாரத்தை விற்ற காசில் நடக்கிறது. விளையாட்டுப் பயிற்சியாளரின் சம்பளம் பெரும்பாலும் டிக்கெட், தொலைக்காட்சி ஒளிபரப்பு, நன்கொடை ஆகியவற்றின் வருமானத்தை நம்பி இருக்கிறது. பொதுச் சேவையில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி வரும்போது, அந்தப் பணம் எந்த வாய்க்காலில் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வேலை எவ்வளவு உயர்ந்தது, எத்தனை பேருக்குப் பயன் என்பதெல்லாம் சம்பளத்தை நிர்ணயிப்பதில் நாம் நினைப்பதைவிடச் சிறிய பங்கே வகிக்கின்றன.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நல்லது செய்ய நினைக்கும் இளைஞர்களிடம் நாம் இரண்டு கதவுகளைத்தான் காட்டுகிறோம். ஒன்று, வயிற்றைக் கட்டிக்கொண்டு சேவை செய். இன்னொன்று, நன்றாகச் சம்பாதி, மிச்சமிருந்தால் நன்கொடை கொடு. இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. அங்கே கண்ணியமாகச் சம்பாதித்துக்கொண்டே ஊருக்கு உழைப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த நிலத்தின் வரைபடம் தெரியாததால் பலர் தவறான கதவைத் தட்டி, நான்கைந்து ஆண்டுகளில் களைத்து வெளியேறிவிடுகிறார்கள்.

சம்பளமில்லாச் சேவை யாருக்குக் கட்டுப்படியாகும்?

சேவை என்றால் தியாகம், தியாகம் என்றால் சம்பளம் வாங்காமல் இருப்பது என்ற எண்ணம் கேட்க உயர்வாக இருக்கும். அது நடைமுறையில் என்ன செய்தது என்பதற்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வரலாற்றைப் பார்க்கலாம். 1911 வரை அங்கே மக்களவை உறுப்பினர்களுக்குச் சம்பளமே கிடையாது. பொதுப்பணி என்பது கௌரவம், அதற்குக் கூலி வாங்குவது இழுக்கு என்று கருதினார்கள். விளைவு, நிலமும் சொத்தும் உள்ளவர்கள்தான் அங்கே உட்கார முடிந்தது. 1838இல் தொழிலாளர்களின் சார்ட்டிஸ்ட் இயக்கம் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று, உறுப்பினர்களுக்குச் சம்பளம் கொடு என்பது. உழைத்துச் சாப்பிடுகிறவனும் தன் தொகுதிக்காகப் பேச வர வேண்டும் என்றால் அவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தக் கோரிக்கை நிறைவேற 73 ஆண்டுகள் ஆயின. 1911இல் ஆண்டுக்கு 400 பவுண்டு என்று முடிவானது.

இது பழங்கதை இல்லை. ஐ.நா. போன்ற அமைப்புகளில் சம்பளமில்லாப் பயிற்சிப் பணிகள் இன்றும் இருக்கின்றன. 2015இல் ஜெனிவாவில் அப்படி ஒரு பயிற்சியாளர் வாடகை கொடுக்க வழியில்லாமல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இந்தப் பிரச்சினையை வெளியே கொண்டுவரத்தான் அப்படிச் செய்தேன் என்று அவர் பின்னர் சொன்னார். எந்த நோக்கத்தில் செய்திருந்தாலும் அவர் காட்டியது உண்மைதான். உலகின் மிக விலையுயர்ந்த நகரங்களில் ஒன்றில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் இருக்க, பின்னால் பணமுள்ள குடும்பம் வேண்டும். அந்த ஆறு மாத அனுபவம்தான் அடுத்த வேலைக்கான சீட்டு. ஆக, வறுமையை ஒழிக்கும் வேலைக்குள் வறுமை தெரிந்தவர்கள் நுழைய முடியாமல் போகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2020 முதல் பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது இந்த வகையில் பெரிய மாற்றம்.

அரசு வேலை: கீழே மேடு, மேலே பள்ளம்

அரசுச் சம்பளம் பொதுவாகத் தனியாரைவிடக் குறைவா, அதிகமா என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சம்பளம், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கு மத்திய அரசு வேலையில் தனியாரைவிட 53 சதவீதம் அதிகம் கிடைத்தது. இளநிலைப் பட்டதாரிகளுக்கு 21 சதவீதம் அதிகம். ஆனால் முனைவர் பட்டமோ மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்போ முடித்தவர்களுக்கு 18 சதவீதம் குறைவு.

இந்த வடிவம் ஒரு நாட்டோடு நிற்பதில்லை. அரசு ஊதிய அட்டவணை அடித்தட்டைத் தூக்கிப் பிடிக்கிறது, மேல்தட்டை அழுத்தி வைக்கிறது. காரணம் எளிது. கடைநிலை ஊழியருக்குச் சந்தை தரும் கூலியை மட்டும் கொடுத்தால் அரசே சுரண்டுகிறது என்று பேச்சு வரும். மேல்நிலை அதிகாரிக்குச் சந்தை விலை கொடுத்தால் வரிப்பணத்தில் சொகுசு என்று பேச்சு வரும். இரண்டு பக்கமும் மக்களின் கண் இருப்பதால் ஏணி குட்டையாகிவிடுகிறது.

அப்படியானால் உயர்படிப்பு படித்தவர் அரசில் நன்றாகச் சம்பாதிக்க எங்கே போவது? பொது அட்டவணையைவிட்டு விலகி நிற்கும் இடங்களுக்கு. மருத்துவர்கள் ஒரு கூட்டம். நிதி ஒழுங்குமுறை அமைப்புகளில் இருக்கும் வழக்கறிஞர்கள், கணக்காளர்கள், பொருளாதார அறிஞர்கள் இன்னொரு கூட்டம். இந்த இரண்டாவது கூட்டத்தின் கதை படிப்பினை நிறைந்தது. 1980களில் அமெரிக்காவின் சேமிப்பு, கடன் நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தன. அந்தச் சரிவுக்குப் பிறகு 1989இல் வந்த சட்டம், வங்கிகளைக் கண்காணிக்கும் அமைப்புகளைப் பொது அட்டவணையிலிருந்து விடுவித்துத் தனி ஊதியம் தர வழி செய்தது. பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையத்துக்கு அந்த உரிமை 2002இல்தான் கிடைத்தது. அதற்குள் அங்கிருந்த வழக்கறிஞர்களும் கணக்காளர்களும், தாங்கள் யாரைக் கண்காணித்தார்களோ அவர்களிடமே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திருடனைப் பிடிக்க வேண்டியவருக்குத் திருடனின் வழக்கறிஞருக்குக் கிடைப்பதில் கால்வாசியாவது கிடைக்க வேண்டாமா? இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நல்ல கண்காணிப்பாளருக்குக் கொடுக்கும் சம்பளம், ஒரு வங்கி திவாலானால் பொதுமக்கள் கட்ட வேண்டிய தொகைக்கு முன்னால் தூசு.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலையும் பலர் கவனிக்காத ஒன்று. அமெரிக்காவில் இதற்கு நான்கு ஆண்டுப் பட்டம் கட்டாயமில்லை. தேர்வும் கடுமையான பயிற்சியும் உண்டு, சம்பளம் பட்டதாரிகள் பலரைவிட மேல். ஆனால் பொதுவாக 31 வயதுக்குள் சேர வேண்டும், 56 வயதில் ஓய்வு பெற வேண்டும். பல நூறு உயிர்கள் ஒரே நேரத்தில் திரையில் நகர்ந்துகொண்டிருக்கும் வேலை அது. அந்த மனஅழுத்தத்துக்கும் சேர்த்துத்தான் அந்தச் சம்பளம். துறைமுகம், குடிநீர் வாரியம், மெட்ரோ ரயில் போன்ற, கட்டணம் வசூலித்துத் தன் காலில் நிற்கும் பொது அமைப்புகளின் பொறியாளர்களும் நிதி அதிகாரிகளும் இந்த வரிசையில் வருவார்கள். அங்கேயும் அதே விதிதான்: சொந்த வருமானம் உள்ள அமைப்பு சொந்தமாகச் சம்பளம் தீர்மானிக்கிறது.

சிங்கப்பூர் எடுத்த எதிர்த் திசை

மேல்தட்டை அழுத்தும் வழக்கத்தை ஒரு நாடு வெளிப்படையாகவே மறுத்தது. 1994இல் சிங்கப்பூர் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. திறமையும் நேர்மையும் உள்ள அரசு வேண்டுமென்றால் போட்டி போடக்கூடிய சம்பளம் தர வேண்டும் என்பது அதன் சாரம். அமைச்சர்களின் ஊதியத்தைத் தனியார் துறையின் உச்சச் சம்பளக்காரர்களோடு ஒப்பிட்டு நிர்ணயித்தார்கள். திறமையானவர்கள் வருவார்கள், கையூட்டுக்குச் சாக்கு இருக்காது என்பது வாதம்.

மக்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. 2011 தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு 60 சதவீதத்தை ஒட்டிச் சரிந்தபோது, அமைச்சர்களின் சம்பளமும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. உடனே ஒரு மறுஆய்வுக் குழு அமைத்தார்கள். 2012இல் வந்த புதிய கணக்கு இப்படி: நாட்டின் குடிமக்களில் அதிகம் சம்பாதிக்கும் 1,000 பேரின் வருமானத்தை வரிசைப்படுத்தி நடுவில் வரும் தொகையை எடுத்துக்கொள், அதில் 40 சதவீதத்தைக் கழித்துவிடு. அந்தக் கழிவுக்கு அவர்கள் சொன்ன காரணம், பொதுப்பணியில் ஒரு தியாகம் இருக்க வேண்டும் என்பது. ஆரம்பநிலை அமைச்சருக்கு 11 லட்சம் சிங்கப்பூர் டாலர், பிரதமருக்கு 22 லட்சம் என்று ஆனது. பிரதமரின் பழைய ஊதியத்தோடு ஒப்பிட்டால் 36 சதவீதம் குறைவு. அப்படியும் உலகத் தலைவர்களிலேயே உச்சத்தில்தான் இருந்தது.

இந்த 40 சதவீதம் என்ற எண் எனக்கு மிகவும் பிடிக்கும். தொகை கூடுதலா குறைவா என்பதில் சண்டை போடலாம். ஆனால் தியாகம் என்ற சொல்லை ஒரு அளவோடு மேசையில் எடுத்து வைத்தார்கள். மற்ற இடங்களில் தியாகம் எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை, கேட்டால் கோபப்படுவார்கள். இவர்கள் கணக்குப் போட்டுக் கையெழுத்தும் போட்டார்கள்.

ஐ.நா. சம்பளத்தின் உள்ளமைப்பு

பன்னாட்டு அமைப்புகளின் ஊதியம் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் நல்லது என்பது 1921இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் இருந்த காலத்தில் எடுத்த ஒரு முடிவுக்குப் போகிறது. பிரான்சைச் சேர்ந்த நோபிள்மேர் தலைமையிலான குழு ஒரு கேள்வியை எதிர்கொண்டது: பல நாடுகளிலிருந்து வந்து ஒரே மேசையில் வேலை பார்ப்பவர்களுக்கு எந்த நாட்டின் சம்பளத்தைக் கொடுப்பது? ஆளுக்கொரு சம்பளம் என்றால் ஒரே வேலைக்கு ஒருவருக்கு நான்கு மடங்கு, இன்னொருவருக்குக் கால்பங்கு என்றாகிவிடும். ஆகவே, உலகிலேயே அதிகம் கொடுக்கும் நாட்டு அரசின் ஊழியரையும் ஈர்க்கக்கூடிய அளவுக்கு எல்லோருக்கும் ஒரே அட்டவணை என்று முடிவு செய்தார்கள். இன்றுவரை அதற்கு நோபிள்மேர் கொள்கை என்றே பெயர். ஐ.நா.வில் ஒப்பீட்டு அளவுகோலாக அமெரிக்க மத்திய அரசுப் பணியை வைத்திருக்கிறார்கள். 1974இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய பன்னாட்டுக் குடிமைப் பணி ஆணையம் இதைக் கவனித்துக்கொள்கிறது.

அட்டவணையில் தொழில்முறைப் பணியாளர்கள் பி-1 முதல் பி-5 வரை, அதற்கு மேல் டி-1, டி-2 என்ற இயக்குநர் நிலைகள். அடிப்படைச் சம்பளம் எல்லா ஊரிலும் ஒன்றே. அதன் மேல் நியூயார்க்கை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு ஊரின் விலைவாசிக்கு ஏற்ப ஒரு படி சேரும். குழந்தைகளின் கல்விக்கு மானியம், கடினமான இடங்களில் வேலை பார்த்தால் தனிப்படி, ஆபத்தான இடங்களிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வெளியே வந்து இளைப்பாற விடுப்பு என்று தொடரும். பெரும்பாலான நாடுகளில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அமெரிக்கா தன் குடிமக்களுக்கு வரி போடுகிறது, அதை ஐ.நா. ஈடுகட்டிவிடுகிறது. உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் தனித்தனி அட்டவணை வைத்திருக்கின்றன, ஆனால் வரி விஷயத்தில் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான்.

சரி, இதன் மறுபக்கம். அந்த அட்டவணைக்குள் நுழைவது கடினம். 32 வயது வரையிலானவர்களுக்கான தேர்வு ஒன்று இருக்கிறது, ஆனால் ஊழியர் எண்ணிக்கையில் உரிய பங்கு கிடைக்காத நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கே அது திறந்திருக்கும். தங்கள் செலவில் இளநிலை அலுவலர்களை அனுப்பும் அரசுகளும் உண்டு. அவை பெரும்பாலும் வசதியான நாடுகள். மற்றவர்கள் பலர் கன்சல்டன்டாக, ஆறு மாதம், பதினொரு மாதம் என்ற ஒப்பந்தத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, கல்வி மானியமும் இல்லை. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் ஒருவர் பி-4, இன்னொருவர் கன்சல்டன்ட். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் ஐ.நா. ஊழியர்கள்தான்.

இதைவிட வலிக்கும் இடைவெளி ஒன்று உண்டு. மனிதாபிமான உதவித் துறையில் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கும் உள்ளூரில் எடுக்கப்படுபவருக்கும் தனித்தனி அட்டவணை. ஐ.நா.வில் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு அந்த ஊரின் நல்ல நிறுவனங்கள் தருவதை ஒட்டிய சம்பளம். அதுவே பல இடங்களில் மதிக்கத்தக்க தொகைதான். ஆனால் ஒரே வாகனத்தில் ஒரே ஆபத்துக்குள் போகும் இருவரில் ஒருவருக்குப் பல மடங்கு அதிகம் என்பதை எவ்வளவு விளக்கினாலும் நியாயமாகத் தெரிவதில்லை. அந்த ஊரின் மொழியும் பாதைகளும் தெரிந்தவர் குறைவாக வாங்குபவர் என்பது இன்னும் உறுத்தும்.

லாப நோக்கற்ற அமைப்புகளில் பணம் இருக்கும் இடங்கள்

லாப நோக்கற்றது என்ற சொல் பலரைக் குழப்புகிறது. அப்படிப்பட்ட அமைப்பில் வரவைவிடச் செலவு குறைந்தால் மிச்சம் வரத்தான் செய்யும். அந்த மிச்சத்தை உரிமையாளர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் விதி. உரிமையாளர் என்றே யாரும் இல்லை. வேலை பார்ப்பவருக்கு நியாயமான சம்பளம் தருவதை அந்த விதி தடுக்கவில்லை.

அடுத்த குழப்பம், தொண்டு நிறுவனம் என்றதும் நம் மனதில் வரும் படம். சிறிய அலுவலகம், நான்கு பேர், சுவரில் குழந்தைகளின் புகைப்படம். அமெரிக்கா போன்ற நாடுகளில் இந்தத் துறையின் பெரும்பகுதி வருமானம் மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. அவை சட்டப்படி லாப நோக்கற்றவை. கட்டணம் வசூலிக்கின்றன, காப்பீட்டுப் பணம் வருகிறது. அங்கே அறுவைச் சிகிச்சை நிபுணரும் நிர்வாகத் தலைவரும் வாங்குவது ஏறக்குறைய தனியார் சந்தை விலைதான். பெரிய அறக்கட்டளை நிதியை முதலீடு செய்பவர்களின் கதை இன்னும் ஒரு படி மேலே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நிதியை நிர்வகித்த இருவருக்கு 2003 நிதியாண்டில் தலா 3 கோடி டாலருக்கு மேல் போனது. நன்கொடை கொடுத்த பழைய மாணவர்கள் கொதித்தார்கள். அவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது அதைவிடப் பல மடங்கு என்று பல்கலைக்கழகத் தரப்பு சொன்னது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம், ஆனால் என் மனம் பழைய மாணவர்கள் பக்கம்தான் சாய்கிறது. கல்விக்கென்று கொடுத்த பணத்தை வளர்ப்பவருக்கு நல்ல சம்பளம் தர வேண்டும் என்பது சரி. அந்தத் தொகைக்கு ஒரு உச்சவரம்பு இருக்க வேண்டும் என்பதும் சரி.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில்தான் பலருக்கும் பொருந்தக்கூடிய வேலைகள் இருக்கின்றன. வெல்கம் அறக்கட்டளை போல, மூலதனத்தை வைத்துக்கொண்டு அதன் வருமானத்தில் மானியம் கொடுப்பவை உண்டு. அங்கே திட்ட அலுவலர் வேலை நிலையானது, சம்பளமும் நல்லது. யாரிடமும் கை நீட்ட வேண்டிய தேவை அந்த அமைப்புக்கு இல்லை என்பதே காரணம். நன்கொடையில் நடக்கும் பெரிய அமைப்புகளில் நிதி திரட்டுபவர்களுக்கு எப்போதும் கிராக்கி. பெரிய நன்கொடையாளர்களோடு ஆண்டுக்கணக்கில் உறவு வளர்க்கத் தெரிந்தவரைத் தேடித்தேடி எடுப்பார்கள். திரட்டிய தொகையில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் வாங்கக் கூடாது என்று அந்தத் தொழிலின் நெறிமுறை சொல்கிறது. அது நல்ல நெறிமுறை. கொடுப்பவரின் நம்பிக்கையை விற்றுக் காசாக்கும் ஆசை அதனால் அடங்கியிருக்கிறது. அப்புறம் நிதி அதிகாரி, தரவு ஆய்வாளர், வழக்கறிஞர், மென்பொருள் பொறியாளர். இவர்கள் வேறு எந்தத் துறைக்கும் நாளைக்கே போக முடியும் என்பதால், அமைப்பு இவர்களுக்குச் சந்தையை ஒட்டிக் கொடுத்தே ஆக வேண்டும். களப்பணியாளர், சமூகப் பணியாளர், காப்பகத்தில் முதியோரையும் குழந்தைகளையும் கவனிப்பவர் ஆகியோருக்கு அந்த மாற்று வழி இல்லை. அதனால்தான் தொண்டின் உயிர்நாடியான வேலைக்குக் குறைவான சம்பளமும், அதைச் சுற்றியிருக்கும் வேலைக்கு நல்ல சம்பளமும் கிடைக்கிறது. இதைச் சரி என்று நான் சொல்லவில்லை. இப்படித்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே வந்தால் ஏமாற்றம் குறையும்.

கோபத்தில் பிறந்த விதிகள்

1992இல் அமெரிக்காவின் யுனைடெட் வே அமைப்பின் தலைவர் வில்லியம் அராமனி பதவி விலகினார். 22 ஆண்டுகள் அதை நடத்தியவர். அவருக்குப் போன மொத்த ஊதியம் 4,63,000 டாலர் என்று தெரிந்தபோதே மக்கள் அதிர்ந்தார்கள். அமைப்பின் பணத்தைச் சொந்தச் செலவுகளுக்குத் திருப்பியது அதற்குப் பிறகு வெளிவந்தது. 1995இல் மோசடிக் குற்றம் நிரூபணமாகி ஏழு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். நாடு முழுவதும் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து சிறுகச்சிறுகப் பிடித்துக் கொடுத்த நன்கொடையில் நடந்த அமைப்பு அது. அந்தக் காயம் நெடுநாள் ஆறவில்லை.

அடுத்த ஆண்டே, 1996இல், ஒரு சட்டம் வந்தது. தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர் நியாயமான அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டால் அந்தக் கூடுதல் தொகையில் 25 சதவீதம் வரி, திருப்பிக் கொடுக்காவிட்டால் 200 சதவீதம். எது நியாயம்? அந்தப் பொறுப்பாளரோடு சம்பந்தமில்லாத உறுப்பினர்கள் கொண்ட குழு, இதே அளவுள்ள மற்ற அமைப்புகளின் சம்பளத்தோடு ஒப்பிட்டு, காரணத்தை எழுதி வைத்து முடிவெடுத்திருந்தால் அதை நியாயம் என்று எடுத்துக்கொள்வார்கள். 2017இல் இன்னொரு சட்டம், 10 லட்சம் டாலருக்கு மேல் ஊதியம் தந்தால் அந்த அதிகப்படிக்கு அமைப்பே 21 சதவீத வரி கட்ட வேண்டும் என்றது. வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் உயர் அதிகாரிகளின் சம்பளத்தை ஆண்டறிக்கைப் படிவத்தில் காட்ட வேண்டும், அது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. இங்கிலாந்தில் பெரிய தொண்டு நிறுவனங்கள் 60,000 பவுண்டுக்கு மேல் வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று 10,000 பவுண்டு இடைவெளியில் அடுக்கிச் சொல்ல வேண்டும்.

ஆனால் கோபம் இன்னொரு தவறான பழக்கத்தையும் விதைத்தது. நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்ற ஒற்றை எண்ணை வைத்து அமைப்புகளை எடைபோடத் தொடங்கினோம். 90 சதவீதம் களத்துக்குப் போகிறது என்றால் நல்ல அமைப்பு, 70 என்றால் மோசம். இந்தப் போட்டியில் அமைப்புகள் கணக்காளரைக் குறைத்தன, பயிற்சியைக் குறைத்தன, பழைய கணினியிலேயே காலம் தள்ளின. 2013இல், அமைப்புகளை மதிப்பிட்டு நன்கொடையாளர்களுக்குச் சொல்லும் மூன்று பெரிய அமைப்புகள் சேர்ந்து ஒரு திறந்த மடல் வெளியிட்டன. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று நன்கொடையாளர்களைக் கேட்டுக்கொண்டன. அந்த விகிதத்தை எல்லோரும் பார்க்கக் காரணமாக இருந்தவர்களே அப்படிச் சொன்னது துணிச்சலான செயல். நன்கொடை கொடுக்கும் நாம் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய விஷயம் இது: ஒரு மருத்துவமனைக்குக் கொடுக்கிறோம் என்றால், அங்கே நல்ல செவிலியர் நிலைத்து இருக்க வேண்டும் என்றுதானே கொடுக்கிறோம்?

காசு கூடினால் மனசு குறையுமா?

அதிகச் சம்பளம் கொடுத்தால் காசுக்காக வருபவர்கள்தான் வருவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. இதை ஊகத்தில் விடாமல் ஆய்வாளர்கள் களத்தில் சோதித்திருக்கிறார்கள், முடிவுகள் ஒரே திசையில் இல்லை.

மெக்சிகோவில் 2011இல் ஓர் அரசுத் திட்டத்துக்கு ஆள் எடுத்தபோது சில இடங்களில் மாதம் 5,000 பெசோ என்றும், சில இடங்களில் 3,750 பெசோ என்றும் அறிவித்தார்கள். அதிகச் சம்பளம் சொன்ன இடங்களில் அறிவுத்திறன் சோதனையில் மேலானவர்கள் வந்தார்கள், பொதுச்சேவை மனப்பான்மையும் குறையவில்லை. ஜாம்பியாவில் 2010இல் கிராமச் சுகாதாரப் பணியாளர்களைத் தேர்ந்தெடுத்தபோது சில மாவட்டங்களில் விளம்பரத்தில் சமூகத்துக்கு உதவுங்கள் என்றும், மற்றவற்றில் பதவி உயர்வு உண்டு என்றும் எழுதினார்கள். பதவி உயர்வைப் பார்த்து வந்தவர்கள் 29 சதவீதம் அதிக வீடுகளுக்குப் போனார்கள். ஆனால் உகாண்டாவில் கிராமச் சுகாதார ஊக்குநர்களை எடுத்தபோது வேறு மாதிரி நடந்தது. அதிக வருமானம் வரும் என்று சொன்ன இடங்களில், இது வியாபாரம் போலிருக்கிறது என்று நினைத்துச் சேவை மனம் உள்ளவர்கள் ஒதுங்கினார்கள்.

எனக்கு இதில் ஒரு வேறுபாடு தெரிகிறது. அரசு, சுகாதாரத்துறை போன்ற, இது பொதுப்பணி என்று முன்பே தெரிந்த இடத்தில் நல்ல சம்பளம் திறமையைக் கூட்டுகிறது. வேலை என்னவென்றே தெரியாத புதிய பணியில், சம்பளத் தொகையை வைத்தே மக்கள் அதன் நோக்கத்தை யூகிக்கிறார்கள். அப்போது தொகையோடு சேர்த்து, இந்த வேலை யாருக்கு உதவுகிறது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலை ஏற்பதற்கு முன்

சம்பளம் என்றால் மாதக் கணக்கில் வரும் தொகை மட்டும் இல்லை. ஓய்வூதியம், காப்பீடு, விடுப்பு, பணிப்பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் விலை உண்டு. கல்விக்கடன் தள்ளுபடியும் இதில் சேரும். அமெரிக்காவில் 2007இல் வந்த திட்டத்தின்படி அரசிலோ தகுதியுள்ள தொண்டு நிறுவனத்திலோ முழுநேரமாக வேலை பார்த்துக்கொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி. பெரும் கடனோடு படித்து வெளியே வரும் வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் இது சில சமயம் பல ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம். ஆனால் முதன்முதலில் விண்ணப்பித்தவர்களில் 99 சதவீதம் பேர் நிராகரிக்கப்பட்டார்கள். தவறான வகைக் கடன், தவறான தவணைத் திட்டம், விடுபட்ட படிவம். விதிகளைத் தளர்த்திய பிறகு, 2024க்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தள்ளுபடி கிடைத்தது. பத்தாண்டுக் கணக்குள்ள எந்தச் சலுகையாக இருந்தாலும் முதல் மாதத்திலிருந்தே காகிதங்களைச் சேர்த்து வைக்க வேண்டும்.

பணத்தின் வாய்க்கால் ஒரே இடத்திலிருந்து வந்தால் என்ன ஆகும் என்பதை 2025 காட்டியது. 1961இல் தொடங்கிய அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமை அந்த ஆண்டு ஜனவரியில் நிதி முடக்கத்துக்கு உள்ளானது, ஜூலை 1ஆம் தேதியோடு அதன் பணிகள் நின்றன. அந்த மானியத்தை நம்பியிருந்த அமைப்புகள் உலகம் முழுக்கச் சில வாரங்களில் ஆட்களை வெளியே அனுப்பின. இருபது ஆண்டு அனுபவமும் நல்ல சம்பளமும் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் ஒரே வேலைச் சந்தையில் வந்து நின்றார்கள். அவர்கள் வேலையில் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே நேர்காணலில் நம் முறை வரும்போது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். சேவை என்று வந்துவிட்டுப் பணம் பேசுகிறாரே என்று முகம் சுளிக்கும் அமைப்பு, பின்னால் ஊதிய உயர்வு கேட்கும்போதும் அதே முகத்தைத்தான் காட்டும். அதோடு இன்னும் சில கேள்விகளையும் கேட்கலாம். என் சம்பளம் எந்த மானியத்திலிருந்து வருகிறது, அது எப்போது முடிகிறது? மொத்த வருமானத்தில் மிகப் பெரிய நன்கொடையாளரின் பங்கு எவ்வளவு? நாளைக்கே வரவு நின்றால் எத்தனை மாதம் சம்பளம் கொடுக்கும் அளவுக்குக் கையிருப்பு இருக்கிறது? உச்சத்தில் இருப்பவருக்கும் களத்தில் இருப்பவருக்கும் இடையே எத்தனை மடங்கு வித்தியாசம்? எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் எத்தனை ஆண்டு இருந்தார், ஏன் போனார்?